ஸ்காபரோ வளவு, ரூஜ் ஆறு, குயின்ஸ் பார்க்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரொறன்ரோவின் கிழக்குப் பக்கமான ஸ்காபரோவுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. எனக்கு மூன்று விசர் என்று வீட்டில் சொல்வார்கள்: பின்வளவுத் தோட்டம், ரூஜ் ஆற்றுப் பக்கம் நடப்பது, ஒன்ராறியோ மாகாண அரசியல் (மாகாணச் சட்டமன்றம் இருக்கிற இடம்தான் குயின்ஸ் பார்க்). கலியாண வீட்டிலும் கோயிலிலும் கோப்பிக் கடையிலும் சனம் கேட்கிற கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இனி யாராவது கேட்டால் இதைக் காட்டிவிட்டு நான் சாப்பிடப் போகலாம்.

கத்தரிக்காய்க்கும் குயின்ஸ் பார்க்குக்கும் என்ன அண்ணை சம்பந்தம்? ஏன் எல்லாத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புறீங்கள்?

நான் குழப்பவில்லை, அது அப்படித்தான் பின்னிக் கிடக்கிறது. எங்கள் ஆட்களுக்கு "மாகாணம்" என்ற சொல்லிலேயே ஒரு சிக்கல். 1987ல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு வந்த மாகாண சபையைப் பார்த்தவர்களுக்கு மாகாணம் என்றால் காணி அதிகாரமும் பொலிஸ் அதிகாரமும் காகிதத்தில் மட்டும் உள்ள ஒரு சபை. அதே கண்ணோடு இங்கேயும் பார்க்கிறோம். ஒட்டாவா பெரியது, அங்கே பிரதமர் இருக்கிறார். நகரசபை பக்கத்தில் இருக்கிறது, குப்பை எடுக்கிறது. நடுவில் இருப்பதை யார் கவனிப்பது?

கனடாவில் நிலைமை தலைகீழ். 1867ஆம் ஆண்டு அரசியலமைப்பிலேயே நகரசபைகள் மாகாணத்தின் கைக்குள் போய்விட்டன. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மின்சாரம், நெடுஞ்சாலை, வாடகைச் சட்டம், தொழிலாளர் சட்டம், எந்தக் காணியில் வீடு கட்டலாம், எந்தக் காணி தோட்டமாகவே இருக்கவேண்டும், எல்லாம் குயின்ஸ் பார்க்கில் முடிவாகிறது. ஆக, நீங்கள் ஓகஸ்டில் வாங்குகிற சோளப்பொத்தி விளைகிற காணி அடுத்த வருடமும் காணியாக இருக்குமா, வீட்டுத்திட்டமாகுமா என்று தீர்மானிக்கிற இடம் அதுதான்.

நகரசபைக்கு மேயர் இருக்கிறார், கவுன்சிலர் இருக்கிறார். அவர்கள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா?

மாகாணம் விட்டால் பார்ப்பார்கள். 2018 ஜூனில் டக் ஃபோர்ட் மாகாண முதல்வராக ஆட்சிக்கு வந்தார். அந்தக் கோடையில் ரொறன்ரோ நகரசபைத் தேர்தல் பிரசாரம் நடந்துகொண்டிருந்தபோதே, 47 ஆக இருக்கவேண்டிய வட்டாரங்களை அவரது அரசு 25 ஆக வெட்டியது. கதவு கதவாகத் தட்டிக்கொண்டு திரிந்த வேட்பாளர்கள் சிலர் ஒரு காலை எழும்பியபோது அவர்களுடைய வட்டாரமே இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2021 அக்டோபரில் 5க்கு 4 என்ற கணக்கில் மாகாணம் வென்றது. ஸ்காபரோவுக்கு முன்பு 10 கவுன்சிலர்கள் இருந்தார்கள், இப்போது 6 பேர். மரம் விழுந்தது, தண்ணீர் தேங்குகிறது என்று நீங்கள் எடுக்கிற ஃபோனுக்கு மறுமொழி வரச் சுணங்குவதில் இதற்கும் ஒரு பங்கு இருக்கிறது.

அதற்குப் பிறகும் ஓயவில்லை. 1969ல் திறந்த ஒன்ராறியோ சயன்ஸ் சென்ரரை 2024 ஜூன் 21ஆம் தேதி, ஒரு வெள்ளிக்கிழமை, திடீரென்று மூடினார்கள். அதே வருட இறுதியில் புளூர், யங், யூனிவர்சிற்றி வீதிகளின் சைக்கிள் பாதைகளை எடுப்பதற்கு மாகாணமே சட்டம் போட்டது; 2025 ஜூலையில் நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரண் என்றது, மாகாணம் மேன்முறையீட்டுக்குப் போனது. ஒரு நகரத்தின் சைக்கிள் கோட்டை அழிக்க ஒரு மாகாணமே கச்சை கட்டிக்கொண்டு வருவது சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அதிகாரம் இருக்கிறது, வருகிறார்கள்.

கிறீன்பெல்ட், கிறீன்பெல்ட் என்கிறார்களே. அது பூங்காவா?

இல்லை. அதில் பெரும்பகுதி தனியார் காணி. தோட்டம், காடு, ஈரநிலம், ஆறு பிறக்கிற மேடு. நகரம் பரவிக்கொண்டே போய் நல்ல மண் முழுவதையும் தின்றுவிடக்கூடாது என்று 2005ல் டால்ட்டன் மக்கின்ரியின் லிபரல் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. நயாகராவில் தொடங்கி ரொறன்ரோவைச் சுற்றி வளைத்துக் கிழக்கே போகிற சுமார் 20 லட்சம் ஏக்கரில் வீட்டுத்திட்டம் போட முடியாது. கனடாவின் முதல்தர விளைநிலத்தில் பாதிக்கு மேல் இந்தத் தெற்கு ஒன்ராறியோவில்தான் இருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால் ஏன் இந்த வேலி என்று விளங்கும். இவ்வளவு பெரிய நாடு, நட்டால் முளைக்கிற மண் மட்டும் கொஞ்சம், அந்தக் கொஞ்சத்தின் மேல்தான் நாங்கள் எல்லாரும் வீடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். என் வீடும் ஒரு காலத்தில் யாரோ ஒருவருடைய தோட்டக் காணிதான்.

கதை 2022ல் சூடு பிடித்தது. கிறீன்பெல்ட்டைத் தொட மாட்டேன் என்று 2018 தேர்தலுக்கு முன் வாக்குக் கொடுத்தவர் ஃபோர்ட். ஆனால் 2022 நவம்பரில் 15 இடங்களில் சுமார் 7,400 ஏக்கரை வெளியே எடுத்து 50,000 வீடு கட்டப்போவதாகவும், பதிலுக்கு வேறு இடத்தில் 9,400 ஏக்கர் சேர்ப்பதாகவும் அவர் அரசு அறிவித்தது. வெளியே எடுத்ததில் பாதிக்கு மேல் பிக்கரிங்கில், ரூஜ் பூங்காவை ஒட்டிய டஃபின்ஸ் ரூஜ் விவசாயக் காப்பு நிலம். ஸ்காபரோவிலிருந்து காரில் கொஞ்ச நேரம். அந்தச் செப்ரெம்பரில் நான் பார்த்தபோது அந்தப் பக்கத்து வயலில் சோயா மஞ்சளாகி நின்றது, உழவு இயந்திரம் போன தடத்தில் வெள்ளைப் பறவைகள் நடந்துகொண்டிருந்தன. அதை ஒருவர் "வெறும் காணி" என்று ரேடியோவில் சொன்னபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

பிறகு 2023 ஓகஸ்டில் மாகாணக் கணக்காய்வாளர் நாயகம் பொனி லைசிக்கின் அறிக்கை வந்தது. வேலி நீங்கியதால் அந்தக் காணிகளின் பெறுமதி 8.3 பில்லியன் டொலருக்கு மேல் கூடலாம் என்று கணக்குக் காட்டினார். எந்தக் காணியை விடுவது என்பதை நிபுணர்கள் பார்த்துத் தெரிவு செய்யவில்லை; கட்டட நிறுவனத்தார் ஒரு விருந்தில் வீடமைப்பு அமைச்சரின் தலைமை அலுவலரிடம் காணி விவரங்கள் அடங்கிய பொதிகளைக் கொடுத்திருக்கிறார்கள் என்பதும் அறிக்கையில் இருந்தது. அமைச்சர் ஸ்டீவ் கிளார்க் செப்ரெம்பர் 4ஆம் தேதி பதவி விலகினார். 21ஆம் தேதி ஃபோர்ட் நயாகரா ஃபோல்ஸில் நின்று மன்னிப்புக் கேட்டு, எல்லாவற்றையும் திரும்ப வைப்பதாகச் சொன்னார். வைத்தார்கள், அதற்கும் சட்டம் போட்டார்கள். அக்டோபரில் மத்திய பொலிஸான ஆர்சிஎம்பி விசாரணை தொடங்கியது.

சனம் சத்தம் போட்டால் மாகாண அரசு பின்வாங்கும் என்பதற்கு என் காலத்தில் நான் நேரே கண்ட பெரிய உதாரணம் இதுதான். விவசாயிகள், பறவை பார்க்கிறவர்கள், மழைக்கோட்டுப் போட்ட கிழவிகள், எல்லாரும் பதாகையோடு வீதிக்கரையில் நின்றார்கள். எங்கள் ஆட்களைத்தான் அதிகம் காணவில்லை.

அப்போ வீடு எங்கே கட்டுவது? வந்து இறங்குகிற பிள்ளைகள் எங்கே இருப்பது?

நியாயமான கேள்வி, இதைச் சிரித்துத் தள்ளுகிறவர்களோடு எனக்கும் உடன்பாடில்லை. ஒரு பேஸ்மென்ற் அறைக்கு என்ன வாடகை கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் மாகாணமே நியமித்த வீடமைப்புச் செயலணி 2022 பெப்ரவரியில் கொடுத்த அறிக்கையில் காணித் தட்டுப்பாடுதான் பிரச்சினைக்குக் காரணம் என்று சொல்லவில்லை. ஏற்கெனவே கட்டப்பட்ட இடங்களுக்குள்ளும் கிறீன்பெல்ட்டுக்கு வெளியிலும் போதிய காணி இருக்கிறது என்றுதான் சொன்னது. எக்ளின்ரன் கிழக்கில் பஸ்ஸில் போய்ப் பாருங்கள், ஒற்றை மாடிக் கடைத்தொகுதி, அதற்கு முன்னால் முக்கால்வாசி வெறுமையான கார் தரிப்பிடம், திரும்ப ஒரு கடைத்தொகுதி. தண்ணீர்க் குழாய், பஸ், பள்ளிக்கூடம் எல்லாம் ஏற்கெனவே உள்ள இடம் அது. அங்கே ஆறு மாடி கட்டுவதை விட்டுவிட்டு கரட் விளைகிற இடத்தில் கார் இல்லாமல் சீவிக்க முடியாத வீடு கட்டுவது யாருக்கு இலாபம் என்று ரியல் எஸ்டேட் செய்கிற உங்கள் மச்சானிடமே கேளுங்கள். (எல்லாருக்கும் அப்படி ஒரு மச்சான் உண்டு.)

2016க்கும் 2021க்கும் இடையே ஒன்ராறியோ சராசரியாக நாளுக்கு 319 ஏக்கர் விளைநிலத்தை இழந்திருக்கிறது என்று விவசாயிகள் சம்மேளனம் சொல்கிறது. மேற்கே மில்ரன் பக்கமிருந்து வோன்வரை 50 கிலோமீட்டருக்கு மேல் நீளத்தில் 413ஆம் இலக்க நெடுஞ்சாலை வருகிறது. 2018ல் லிபரல்கள் கைவிட்டதை ஃபோர்ட் தூசு தட்டி எடுத்தார். அது போகிற வழியிலும் தோட்டக் காணிதான்.

"லோக்கல்" என்று எழுதியிருந்தால் உண்மையாகவே பக்கத்தில் விளைந்ததா?

மத்திய உணவுப் பரிசோதனை முகமையின் விளக்கப்படி, விற்கிற மாகாணத்துக்குள் விளைந்ததையோ மாகாண எல்லைக்கு வெளியே 50 கிலோமீட்டருக்குள் விளைந்ததையோ "லோக்கல்" என்று சொல்லலாம். ஒன்ராறியோ எவ்வளவு பெரிசு என்று தெரியும்தானே, வெகு தொலைவில் வடமேற்கே உள்ள தண்டர் பே கிழங்கும் சட்டப்படி ஸ்காபரோவுக்கு லோக்கல்தான். அப்புறம், "கனடா நம்பர் 1" என்பது தரம், விளைந்த நாடு இல்லை. இதில் ஏமாறாத ஆளை நான் இன்னும் காணவில்லை. 1977லிருந்து மாகாணம் நடத்துகிற ஃபூட்லாண்ட் ஒன்ராறியோ அடையாளத்தைப் பார்த்து வாங்குவது சுலபம்.

வீதியோரக் கொட்டில்களிலும் கண் வேண்டும். ஒருமுறை "எங்கள் தோட்டத்துத் தக்காளி" என்று எழுதியிருந்த ஒரு கொட்டிலில் ஒரு கூடை வாங்கிவிட்டுக் குனிந்தால், மேசைக்குக் கீழே மடித்து வைத்திருந்த பெட்டிகளில் மெக்சிக்கோ முத்திரை. அதன் பிறகு நான் ஒரு கேள்வி கேட்பது வழக்கம்: "இந்தக் கிழமை மழைக்கு என்ன ஆனது?" தோட்டக்காரர் என்றால் பத்து நிமிடம் புலம்புவார். வியாபாரி என்றால் விலையைச் சொல்வார்.

நாங்கள் வாங்குகிற தமிழ்க் கடை மரக்கறியில் ஒரு பகுதி ஈரோபிக்கோவில் குயின்ஸ்வே வீதியிலுள்ள ஒன்ராறியோ ஃபூட் ரேர்மினல் வழியாக வருகிறது. 1954ல் திறந்த மொத்தச் சந்தை, அதுவும் மாகாணத்தின் சொத்து. விடியப் புறம் வானோடு போய் நிற்கிற கடைக்காரர்களுக்குத்தான் அனுமதி, எங்களுக்கு இல்லை. 2019ல் அதை வேறிடத்துக்கு மாற்றப்போகிறார்கள் என்று கதை அடிபட்டபோது சின்னக் கடைக்காரர்கள்தான் முதலில் பதறினார்கள். பெரிய சூப்பர்மார்க்கெட்டுகளுக்குச் சொந்தக் கிடங்கு இருக்கிறது, இவர்களுக்கு அது ஒன்றுதான் கதி.

எந்த மாதம் என்ன வாங்கலாம்?

மேயில் அஸ்பரகஸ், ஜூனில் ஸ்ட்ரோபெரி (கடைப் பழத்தின் பாதி அளவு, இரண்டு மடங்கு ருசி, இரண்டே நாளில் பழுதாகும்), ஜூலை முடிவில் சோளமும் நயாகரா பீச்சும் தொடங்கும், ஓகஸ்டில் எல்லாம், செப்ரெம்பரில் அப்பிளும் கருநீலக் கொன்கோர்ட் திராட்சையும். மாரியில் ஒன்றுமில்லை என்று நினைக்காதீர்கள். ஹோலண்ட் மார்ஷ் என்று நகரத்துக்கு வடக்கே சுமார் 50 கிலோமீட்டரில் ஒரு சதுப்பு நிலம், 1920களின் கடைசியில் வாய்க்கால் வெட்டி வடியவிட்டது, மண் கரிபோலக் கறுப்பு. அங்கே விளைகிற கரட்டும் வெங்காயமும் கிடங்கில் இருந்து மார்ச்வரை வரும். சாம்பாருக்கு வேறென்ன வேண்டும்?

எங்கள் ஊர் மரக்கறி இங்கே முளைக்குமா அக்கா? நாங்கள் நட்டது ஒன்றும் சரிவரவில்லை.

(அக்கா என்று கேட்டது என் மனைவியை. பதில் அவருடையது, எழுத்து மட்டும் என்னுடையது.)

அவசரம்தான் முதல் எதிரி. ஏப்ரலில் ஒரு நாள் 18 பாகை வெயில் அடித்ததும் நாற்றை வெளியே வைத்துவிடுவோம். விக்டோரியா டே நீள் வார இறுதிவரை, அதாவது மே 20ஆம் தேதியளவு வரை, பொறுங்கள். கத்தரி, மிளகாய் விதையை மார்ச் தொடக்கத்தில் வீட்டுக்குள் போட்டு, ஒரு சாண் வந்த பிறகு ஒரு கிழமை பகலில் மட்டும் வெளியே வைத்துக் காற்றுக்குப் பழக்கி அதன் பிறகு நட வேண்டும். பயற்றங்காய், பாகல், புடோல் எல்லாம் மண் சூடானால் தானே ஓடும். பாகலுக்குப் பந்தல் போடுமுன் பக்கத்து வீட்டு வேலி யாருடையது என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெண்டி ஜூலைவரை முழங்கால் உயரத்தில் முறைத்துக்கொண்டு நிற்கும், பிறகு ஒரே பாய்ச்சல். தண்டுக்கீரை களைபோல வரும். எங்கள் பக்கம் மண் களி, மழை பெய்தால் சப்பாத்தைப் பிடித்து இழுக்கும், காய்ந்தால் கல். இலையுதிர் காலத்தில் உதிர்கிற மேப்பிள் இலையைக் கட்டிக் குப்பைக்குப் போடாமல் பாத்தியில் பரப்பி மூடிவிட்டால் மூன்று வருடத்தில் மண் கைக்குள் பொலபொலவென்று வரும்.

முருங்கையும் கறிவேப்பிலையும் சாடியில்தான். செப்ரெம்பர் கடைசியில் உள்ளே எடுக்கும்போது இலையின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், பிசுபிசுத்தால் பூச்சி உள்ளே வருகிறது என்று அர்த்தம். சவர்க்காரத் தண்ணீரால் இலை இலையாகக் கழுவிவிட்டுத்தான் வாசல் தாண்ட வேண்டும். ஹீற்றர் காற்று வருகிற துவாரத்துக்குப் பக்கத்தில் வைத்தால் தைப்பொங்கலுக்கு வெறும் குச்சி.

தோட்டக்காரர்களும் இதைக் கவனித்துவிட்டார்கள். நயாகராவிலுள்ள வைன்லாண்ட் ஆராய்ச்சி நிலையம் வெண்டி, நீளக் கத்தரி போன்ற பயிர்களை ஒன்ராறியோவில் வியாபாரமாக விளைவிப்பது பற்றி வருடக்கணக்காக வேலை செய்திருக்கிறது. அதனால் ஓகஸ்டில் கடையில் உள்ள வெண்டி எங்கிருந்து என்று கேட்டுப் பாருங்கள், எப்போதும் விமானத்தில் வந்ததாக இருக்காது.

புல்லுக்கு நடுவே மஞ்சள் பூ. என்ன மருந்து அடிப்பது?

ஒன்றும் அடிக்க முடியாது. அழகுக்காகப் பூச்சி, களை மருந்து அடிப்பதை மாகாணம் 2009 ஏப்ரல் 22லிருந்து தடை செய்துவிட்டது. வேரோடு பிடுங்குங்கள், நாரி பிடிக்கும், பரவாயில்லை. பிடுங்க மனமில்லாவிட்டால் விடுங்கள், வசந்தத்தில் தேனீக்கு முதலில் கிடைக்கிற பூக்களில் அதுவும் ஒன்று.

வளவில் கோழி வளர்க்கலாமா? பண்ணையில் பச்சைப்பால் வாங்கலாமா? ஆடு?

கோழி: ரொறன்ரோவில் முடியாது. 2018ல் சில வட்டாரங்களில் பரீட்சார்த்தமாக விட்டார்கள், 2023ல் நிறுத்திவிட்டார்கள். இது மட்டும் நகரசபையின் வேலை, மாகாணத்தைத் திட்டாதீர்கள். பால்: சூடாக்கிக் கிருமி நீக்காத பாலை விற்பது 1938லிருந்தே ஒன்ராறியோவில் சட்டவிரோதம், காய்ச்சிக் குடிப்பேன் என்று சொன்னாலும் தரமாட்டார்கள். ஆடு: பண்ணைக்காரர் தன் ஆட்டைத் தன் குடும்பத்துக்கு வெட்டலாம், உங்களுக்கு வெட்டி விற்க முடியாது, அனுமதி பெற்ற இறைச்சிக்கூடத்தில் வெட்டுவித்து எடுக்க வேண்டும். கோயில் திருவிழா முடிந்த கிழமையில் இந்தக் கேள்வி அதிகம் வரும், அதனால் சேர்த்தேன்.

உள்ளூரில் விளைந்ததை வாங்கினால் எல்லாம் நியாயமாகிவிடுமா?

மண்ணுக்கு ஓரளவு நியாயம். கைக்கு இல்லை. நயாகரா பீச்சையும் லெமிங்ரன் கண்ணாடிக்கூடத் தக்காளியையும் பறிக்கிற கைகளில் பெரும்பாலானவை ஜமேக்காவிலும் மெக்சிக்கோவிலும் குவாத்தமாலாவிலும் இருந்து வருகிறவை. 1966ல் ஜமேக்காவோடு தொடங்கிய பருவகாலத் தொழிலாளர் திட்டம் வருடத்தில் எட்டு மாதம்வரை வேலை தரும், பிறகு திருப்பி அனுப்பும். முப்பது வருடம் வந்து போனவருக்கும் வதிவிட உரிமை தானாக வராது. விசா ஒட்டாவாவின் கையில், வேலைச் சட்டம் மாகாணத்தின் கையில். அந்த மாகாணச் சட்டம் அறுவடை வேலைக்கு மேலதிக நேரச் சம்பளமே கட்டாயமில்லை என்கிறது. மற்றத் தொழிலாளர்கள்போலத் தொழிற்சங்கம் வைத்துப் பேரம் பேசவும் விடவில்லை. 2020ல் கொவிட் வந்தபோது ஒரே அறையில் நெருக்கிப் படுத்த பண்ணைத் தொழிலாளர்களிடையே பரவி மெக்சிக்கோக்காரர் மூன்று பேர் ஒன்ராறியோவில் இறந்தார்கள்.

தொழிற்சாலையிலும் உணவகச் சமையலறையிலும் பாத்திரம் கழுவி வந்தவர்கள் நாங்கள். இதை விளங்கிக்கொள்ள எங்களுக்குப் புத்தகம் தேவையில்லை. அப்படி இருந்தும் "லோக்கல் மரக்கறி ஏன் இவ்வளவு விலை" என்று மட்டும் கேட்கிறோம், நானும் கேட்டிருக்கிறேன்.

பேஸ்மென்றுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. அதற்கும் மாகாணம்தானா?

பாதி நகரசபை. கூரைத் தண்ணீர் குழாயை நிலக்கீழ்ச் சாக்கடையோடு தொடுக்கக்கூடாது, புல்லுக்குத் திருப்ப வேண்டும். தண்ணீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் வால்வு போட நகரசபை ஒரு பகுதிப் பணம் தரும், வேலைக்கு முன்னரே விதிகளைப் பார்த்து ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். 2013 ஜூலை 8ல் விமான நிலையத்தில் 126 மில்லிமீட்டர் மழை. 2024 ஜூலை 16ல் மூன்று மணித்தியாலத்தில் 100 மில்லிமீட்டரை நெருங்கி டொன் வலி பார்க்வே நெடுஞ்சாலையில் கார்கள் மிதந்தன. "நூறு வருடத்துக்கு ஒருமுறை" என்பதை இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

மற்றப் பாதிக்கு 1954க்குப் போக வேண்டும். அந்த அக்டோபரில் ஹேசல் புயல் வந்து ஒன்ராறியோவில் 81 பேர் இறந்தார்கள். ஹம்பர் ஆற்றங்கரையில் ரேமோர் டிரைவ் என்ற வீதியில் வீடுகளோடு 35 பேரை வெள்ளம் கொண்டுபோனது. அதற்குப் பிறகுதான் ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் வீடு கட்டக்கூடாது என்று காணிகளைப் பொதுவில் எடுத்தார்கள், ஆற்றுப் படுகை முழுவதையும் ஒன்றாகப் பார்க்கும் பாதுகாப்பு அதிகாரசபை பலம் பெற்றது. நீங்கள் மோர்னிங்சைட் பூங்காவில் கோழி வாட்டிச் சாப்பிடுகிற புல்வெளி ஆற்றுக்கு விட்டுக்கொடுத்த இடம். 2022ல் மசோதா 23 மூலம் மாகாணம் இந்த அதிகாரசபைகளின் வாயைப் பாதி கட்டியது: ஒரு கட்டடத் திட்டத்துக்கு அனுமதி கொடுக்கும்போது மாசடைதலையும் நிலப் பாதுகாப்பையும் காரணமாகக் காட்ட முடியாது. 2025 அக்டோபரில், இருக்கிற 36 அதிகாரசபைகளையும் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவாக இணைக்கும் திட்டத்தையும் அறிவித்தார்கள். தண்ணீருக்கு மசோதா தெரியாது, மேலே எங்கே சீமெந்து போட்டாலும் அது கீழேதான் வரும். ஸ்காபரோவில் நாங்கள் கீழே இருக்கிறோம்.

ஹைலண்ட் கிறீக்கில் இவ்வளவு பெரிய மீன் ஓடுதே, பிடிக்கலாமா?

செப்ரெம்பர், அக்டோபரில் ஒன்ராறியோ ஏரியிலிருந்து முட்டையிட ஏறுகிற சினூக் சாமன் அது, முழங்கைக்கு மேல் நீளம், தண்ணீர் கணுக்கால் அளவில் ஓடுகிற இடத்தில் முதுகு வெளியே தெரிய அடித்துக்கொண்டு போகும். இந்த ஏரியின் சொந்த அட்லாண்டிக் சாமன் 1898க்குள் அழிந்துவிட்டது, சினூக் பிறகு கொண்டுவந்து விட்டது. 18 முதல் 64 வயதுவரை உள்ளவர்களுக்கு மாகாணத்தின் மீன்பிடி அனுமதி வேண்டும், அதுவும் எங்கே, எப்போது என்பது ஆற்றுக்கு ஆறு மாறும். சாப்பிடுமுன் ஒன்ராறியோ மீன் உண்ணும் வழிகாட்டியைப் பாருங்கள், எந்த ஏரியில் எந்த நீள மீனை மாதத்துக்கு எத்தனை தரம் சாப்பிடலாம் என்று போட்டிருக்கும். கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் தனிக் கணக்கு. முட்டையிட்டு ஓய்ந்த மீனைக் கையால் தூக்கிக்கொண்டு படம் எடுக்கிற எங்கள் பெடியளுக்கு: வேண்டாம் தம்பி, அது குழம்புக்கும் உதவாது.

மாகாணம் ஒரு நல்லதும் செய்யவில்லையா?

செய்திருக்கிறது, பெரிதாக. நான் வந்த புதிதில் கோடையில் புகைமூட்ட எச்சரிக்கை சாதாரணம். 2005ல் மட்டும் 53 நாள். அப்போது மாகாணம் நிலக்கரி எரித்து மின்சாரம் எடுத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நிலையமாக மூடி, 2014 ஏப்ரலில் தண்டர் பே நிலையம் கடைசி நிலக்கரியை எரித்ததோடு அந்தக் கதை முடிந்தது. அந்த வருடம் எச்சரிக்கை நாள் பூச்சியம். ஆஸ்துமாவுள்ள பிள்ளையை வளர்த்தவர்களுக்கு இந்த எண்ணிக்கையின் அருமை தெரியும். ஆக அதே அதிகாரம்தான், யார் கையில் என்பதுதான் விஷயம்.

எங்கள் ஆட்களே சட்டமன்றத்தில் இருக்கிறார்களே?

2018லிருந்து விஜய் தணிகாசலமும் லோகன் கணபதியும் இருக்கிறார்கள், இருவரும் ஆளும் கட்சி. தமிழின அழிப்பு அறிவூட்டல் வாரத்துக்கான 104ஆம் மசோதா 2021ல் நிறைவேறியது, அதன் பெறுமதியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர்களைக் காண்கிற இடம் பொங்கல் மேடையும் படமெடுப்பும் மட்டும் என்றால் பிழை எங்களிலும் இருக்கிறது. ரூஜ் பூங்கா தணிகாசலத்தின் ஸ்காபரோ-ரூஜ் பார்க் தொகுதியின் பெயரிலேயே இருக்கிறது. அதை ஒட்டிய காணியைப் பற்றி அடுத்த மேடையில் கேளுங்கள், மரியாதையாக, மைக் உள்ள நேரத்தில்.

கேட்பதைத் தவிர வேறு என்ன செய்யலாம்?

ஒன்ராறியோ சுற்றாடல் பதிவேடு என்று ஒன்று இணையத்தில் இருக்கிறது. 1993ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, சுற்றாடலைப் பாதிக்கும் பெரும்பாலான திட்டங்களை அதில் போட்டுக் குறைந்தது 30 நாள் சனத்தின் கருத்தைக் கேட்க வேண்டும். பிரஜையாக இருக்க வேண்டும் என்றில்லை, வழக்கறிஞர் ஆங்கிலமும் தேவையில்லை. "என் வீட்டுக்குப் பின்னால் இந்த ஓடை போகிறது, 2024ல் இவ்வளவு தண்ணீர் வந்தது" என்று எழுதினாலே அது பதிவில் நிற்கும். நான் எழுதுகிற கருத்தில் பாதி இப்படி நாலு வரிதான்.

வாக்கு பிரஜைகளுக்கு மட்டும். 2022ல் ஒன்ராறியோவில் வாக்களித்தவர்கள் சுமார் 44 வீதம், 2025 பெப்ரவரித் தேர்தலில் 45ஐ ஒட்டி. அந்தத் தேர்தலில் 124 இடங்களில் 80ஐ வாக்குகளில் சுமார் 43 வீதத்தோடு ஃபோர்ட் கட்சி எடுத்தது. லிபரல்களுக்கு 30 வீதத்துக்கு 14 இடம், இடதுசாரிப் பக்கமுள்ள என்டிபி கட்சிக்கு அதைவிடக் குறைந்த வாக்குக்கு 27 இடம். இந்தத் தேர்தல் முறையே கோணல் என்பது என் வாதம், ஆனால் கோணல் என்று வீட்டில் இருந்தால் இன்னும் கோணும். யாருக்குப் போடுவது என்று என்னிடம் கேட்காதீர்கள், மனைவிக்கும் எனக்கும் இடையிலேயே அது முடிவாகவில்லை.

கடைசியாக, நல்ல சோளம் எங்கே வாங்குறீங்கள்?

ஸ்ரீல்ஸ் வீதியைத் தாண்டி ரீசர் ரோட்டில் மேலே போனால் இரண்டு பக்கமும் வயல். தேசியப் பூங்காவுக்குள் விவசாயம் நடக்கிற அபூர்வமான இடம் ரூஜ், குத்தகைக்கு உழுகிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. ஓகஸ்டில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் வீதிக்கரையில் பலகை வைத்திருப்பார்கள். காலையில் போங்கள். பொத்தியின் தோலை உரித்துப் பார்க்காதீர்கள், தோட்டக்காரருக்குப் பிடிக்காது. நுனியைத் தோலோடு அழுத்தினால் மணி நிறைந்திருக்கிறதா என்று விரலுக்குத் தெரியும். நாரின் மேல்நுனி கபில நிறம், அடி ஈரம். வீட்டுக்கு வந்து பிறகு அவிக்கலாம் என்று ஃபிரிட்ஜில் வைக்காமல் அன்றைக்கே அவியுங்கள். உப்பு, மிளகாய்த்தூள், பாதித் தேசிக்காய்.